பனையைக் கண்டால் ஊர் என்று சொன்ன இயந்திரம்

போன மாதம் எங்கள் பழைய நில அளவைக் கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தது. புதிதாகச் சேர்ந்த படவரைஞர். இரண்டு நிமிடம் சுகம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தது. செயற்கை நுண்ணறிவு இயந்திரம் ஒரு வான்படத்தைப் பார்த்து இது காடு, இது ஊர்க்காணி என்று பதில் சொன்னால், அந்தப் பதிலோடு ஒரு சிவப்புப் படத்தையும் அச்சடித்து ஃபைலில் வைக்கவேண்டும் என்று அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. அது எதற்கு என்று இப்போது இருக்கிற ஒருவருக்கும் தெரியவில்லையாம். "ஆர் போட்ட ஒழுங்கெண்டு கேட்டா எல்லாரும் ஸ்டெல்லா மிஸ் எண்டு உங்களத்தான் சொல்லுகினம். கலர் மை வீணாப் போகுது மிஸ். நிப்பாட்டலாமோ?" என்று கேட்டது.

கேட்டபோது சிரிப்பு வந்தது. தொலைபேசியை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும், வந்தால் இலேசில் போகாது. அந்த மையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப் போய், அது நாலு பக்கமாக வரும் என்று தெரிந்ததால் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

பேசாலையில், கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள் நான். கணக்கும் சித்திரமும் கைக்கு வந்ததால் படவரைஞர் பயிற்சிக்கு எடுத்தார்கள். இரண்டு வருடப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மை சிந்தாமல் கோடு கீறப் பழகினேன், விடுதிச் சாப்பாட்டைத் திட்டப் பழகினேன். உண்மையான படிப்பு மன்னார்க் கந்தோருக்கு வந்து, அமிர்தநாதன் சேருக்குக் கீழே உட்கார்ந்த பிறகுதான் தொடங்கியது.

எங்களுடைய வேலை வான்படம் வாசிப்பது. ஒரே இடத்தை விமானத்திலிருந்து சற்றுத் தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படங்களை மேசையில் அருகருகே வைத்து, கம்பிக்கால் வைத்த இரட்டைக் கண்ணாடியால் குனிந்து பார்க்கவேண்டும். முதலில் இரண்டும் இரண்டு படமாகவே நிற்கும். கண் களைத்துப்போகிற நேரத்தில் திடீரென்று ஒன்றாகச் சேரும். சேர்ந்ததும் மரங்கள் எழும்பி நிற்கும், கோயில் கோபுரம் மூக்கில் குத்த வரும். முதல் தடவை அப்படி எழும்பியபோது நான் கதிரையோடு பின்னால் போய்விட்டேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

அமிர்தநாதன் சேர் சத்தம் போட்டுப் பேசமாட்டார். வேர்வை படத்தில் படாமல் இருக்க முழங்கைக்குக் கீழே ஒரு லேஞ்சித் துணியை மடித்து வைத்துக்கொள்வார். நிழல் எப்போதும் நம்மை நோக்கி விழுகிற மாதிரிப் படத்தை வைக்கவேண்டும் என்பது அவருடைய முதல் சட்டம். மாற்றி வைத்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். இரண்டாவது சட்டம் துண்டு. படத்தில் எதையாவது இன்னது என்று குறித்தால், ஏன் என்று மூன்று காரணம் ஒரு சிறு கடதாசித் துண்டில் எழுதி அதோடு குத்தவேண்டும். வடிவம், நிழல், பக்கத்தில் என்ன இருக்கிறது, இப்படி. துண்டு இல்லாமல் கொண்டுபோனால், படத்தைத் தொடாமல் கேட்பார்: "எதைப் பாத்துச் சொல்லுறீர்?"

ஒரு முறை முருங்கனுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு குளத்தைக் குறித்தேன். கறுப்பாக, வடிவாக, நடுவயலில் கிடந்தது. துண்டில் இரண்டு காரணம்தான் எழுத முடிந்தது, மூன்றாவதை இட்டுக்கட்டினேன். சேர் பஸ் காசைத் தந்து போய்ப் பார்த்து வரச் சொன்னார். நானும் போய், உச்சி வெயிலில், குளம் எங்கே என்று வயலில் நின்றவர்களைக் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அவர்கள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்கள். நான் குறித்தது ஒரு முகில் விழுத்திய நிழல். திரும்பி வந்தபோது சேர் தேநீர் வரவழைத்துத் தந்தார். அதற்குப் பிறகு மூன்றாவது காரணத்தை நான் இட்டுக்கட்டியதில்லை.

பிறகு யுத்தம். கந்தோர் வவுனியாவுக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. சேர் இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமானார். நான் பிள்ளைகளோடு நாலு இடம் மாறினேன். அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

யுத்தம் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கி, அது பல வருடம் இழுபட்டது. ஊருக்குத் திரும்பியவர்களில் பலருக்குக் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த காணியில் மரம் வளர்ந்து மூடிவிட்டது. எது உண்மையான காடு, எது பற்றை மூடிய பழைய ஊர் என்று பிரித்தால்தான் காணியைத் திருப்பிக் கொடுக்கலாம். காடு என்று ஒரு முறை எல்லை போட்டுவிட்டால் பிறகு அந்தக் காணி ஆருக்கும் இல்லை. எனக்கு ஓய்வு பெற ஒரு வருடமளவில் இருந்தபோது, இந்த வேலையை விரைவாக முடிக்கவென்று ஒரு திட்டம் வந்தது. ட்ரோன் பறந்து படம் எடுக்கும், இயந்திரம் படத்தைப் பார்த்துப் பிரிக்கும். அதோடு ரமணன் வந்தார். யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர், முப்பத்தைந்து வயதிருக்கும், எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பார்.

இயந்திரத்துக்கு முதலில் பாடம் படிப்பிக்கவேண்டும். படிப்பித்தது நாங்கள். நானும், எனக்கு அடுத்த மேசை அல்போன்சும், ரெஜினாவும். மூவரும் மன்னார்த் தீவுக்காரர். ஆயிரக்கணக்கான படத்துண்டுகள் திரையில் ஒவ்வொன்றாக வரும். "பழைய ஊர்க்காணி" என்று ஒரு பொத்தான், "காடு" என்று ஒரு பொத்தான். இரண்டே பொத்தான், துண்டு எழுத இடமில்லை. பார்ப்பதும் குத்துவதுமாக நாங்கள் போட்டி போட்டோம். நாங்கள் குத்தியதைப் பார்த்துப் பார்த்து இயந்திரம் தானாகவே வித்தியாசம் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் என்றார் ரமணன். கற்றுக்கொண்டது. கரையோர முள்ளிக்குளப் பக்கத்துப் படங்களைப் போட்டுச் சோதித்தபோது ஒன்றும் பிழைக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. முப்பது வருடமாக நான் கண் நோகப் பார்த்ததை அது கண் மூடித் திறக்கிற நேரத்தில் பார்த்து முடித்தது.

இயந்திரம் பிரித்த காணிகளின் பட்டியலை வெளியே ஒட்டி மூன்றாம் நாள் நாகம்மா என்று ஒருவர் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். பெரியமடுவில் சொந்தக்காரர் வளவில் கொட்டில் போட்டு இருக்கிறார். அங்கிருந்து உள்ளே பாலைக்கட்டுக்குளத்தின் கீழே மூன்று ஏக்கர் வயல் அவருடையது. இடம்பெயர்ந்தபோது காணிப் பெர்மிட் எரிந்துபோனது. கணவரும் இல்லை. நடந்தும் பஸ் ஏறியும் வந்து, குடையைக் கதிரையில் சாத்திவிட்டு நின்றபடியே கேட்டார்.

"எங்கட வயலைக் காடெண்டு போட்டிருக்காம் மிஸ். ஆர் பாத்தது?"

இயந்திரம் பார்த்தது என்று சொன்னேன். அது மனிதரைப்போல ஆள் பார்த்துச் செய்யாது, பொய் சொல்லாது என்றும் சொன்னேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

"சரி, மெசின். அதுக்கு ஆர் சொன்னது காடு எப்பிடி இருக்குமெண்டு?"

மழைக்கு முன் காட்டுக்கு எல்லை போட்டுவிடுவார்களாம், அவரோ மழைக்கு முன் பற்றையை வெட்டித் துப்பரவாக்கினால் இந்த வருடமே காலபோக நெல் விதைக்கலாம் என்று நினைத்திருந்தாராம். கேட்டதற்குப் பதில் இல்லாமலே அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

நான் நேரே ரமணனிடம் போனேன். பாலைக்கட்டுக்குளத்துப் படத்தை எடுத்து, இது ஏன் காடு என்று கேட்டேன். இயந்திரம் அப்படித்தான் சொல்கிறது என்றார். எதைப் பார்த்துச் சொல்கிறது என்று கேட்டேன். அது உள்ளே லட்சக்கணக்கான எண்கள், அப்படிப் பிரித்துச் சொல்வது கஷ்டம் என்றார். என் கோபம் அன்றைக்குப் பிந்தாமல் வந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்த படவரைஞர்கூடக் காரணம் எழுதாமல் இந்தக் கந்தோரில் ஒரு கிணற்றையும் குறித்ததில்லை, உங்கள் இயந்திரம் என்ன பெரிய ஆளோ என்று கேட்டுவிட்டேன். ரமணன் நல்ல மனிதர், ரோசப்படவில்லை. "ஒரு வழி இருக்கு மிஸ். பாப்பம்" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். திரையில் முள்ளிக்குளப் பக்கத்துப் படம் ஒன்று. இயந்திரம் ஊர்க்காணி என்று சரியாகச் சொன்ன படம். அதற்கு மேலே நிறம் பூசினமாதிரி ஒன்று கிடந்தது. படத்தில் எந்த இடம் பதிலுக்கு அதிகம் காரணமோ அங்கே சிவப்பு, கொஞ்சம் காரணமான இடம் மஞ்சள், கணக்கிலேயே எடுக்காத இடம் நீலம் என்று விளங்கப்படுத்தினார். அதாவது இயந்திரத்தின் கண் எங்கே நின்றது என்பதற்குப் படம். துண்டு! இயந்திரம் துண்டு எழுதிவிட்டது, நிறத்தில்.

சிவப்பு எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தேன். அந்தப் படத்தில் இடிந்த வீட்டின் அத்திவாரம் இருந்தது, அதில் நீலம். கிணறு இருந்தது, அதிலும் நீலம். வீட்டுக்குப் போகிற ஒழுங்கையும் நீலம். சிவப்பு எல்லாம் ஐந்தாறு சிறு புள்ளியாகச் சிதறி நின்றது. ஒவ்வொன்றும் ஒரு பனைமரத்தின் தலை. மேலிருந்து பார்த்தால் பனை ஒரு நட்சத்திரம் போலத் தெரியும், பக்கத்தில் நீளமாக நிழல் விழும், எந்தக் குருடனும் பிழைவிட மாட்டான். அடுத்த படம், அதிலும் பனை. அதற்கடுத்தது, அதிலும் பனை. ரமணன் சும்மா இருக்கவில்லை. ஒரு படத்தில் பனைகளின்மேல் மட்டும் சாம்பல் நிறச் சதுரம் வைத்து மறைத்துவிட்டு மறுபடி கேட்டார். வீடும் கிணறும் அப்படியே இருக்க, இயந்திரம் காடு என்றது.

"உப்பளத்துப் படம் ஒண்டு எடுங்கோ" என்றேன். எடுத்தார். வெறும் வெள்ளை உப்புப் பாத்தி, ஈ காக்கை இல்லை. இயந்திரம் அதைக் காடு என்றது, அதற்குத் தெரிந்தது இரண்டு சொல்தானே. அதில் ஒரே ஒரு பனையை வெட்டி ஒட்டச் சொன்னேன். ஒட்டினார். கேட்டார். பழைய ஊர்க்காணி என்று பதில் வந்தது. நான் போட்ட கூச்சலில் அல்போன்சும் ரெஜினாவும் ஓடிவந்தார்கள். நாலு பேரும் பனையை இங்கே ஒட்டு, அங்கே ஒட்டு என்று சின்னப் பிள்ளைகளாகிவிட்டோம். கடலுக்கு நடுவில் பனை, ஊர். காட்டுக்கு நடுவில் பனை, ஊர். மத்தியானச் சாப்பாட்டை மறந்து சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு மூடின பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கண்ட சந்தோஷம் அது. அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் கந்தோரில் எனக்கு இரட்டைக் கண்ணாடியில் கோபுரம் எழும்பின நாளுக்குப் பிறகு வரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் ரெஜினா ஒரு கேள்வி கேட்டாள். இயந்திரத்துக்குப் பனைப் பைத்தியம் எங்கேயிருந்து வந்தது? எங்கள் மூவரையும் பார்த்துத்தானே அது கற்றுக்கொண்டது. தீவில் பனை இல்லாத வளவு கிடையாது. வேலி பனையோலை, கூரை பனையோலை, பனை நின்றால் அங்கே ஆள் இருந்திருக்கும். நாங்கள் திரையில் பனையைக் கண்ட கையோடு ஊர்க்காணி என்று குத்தியிருக்கிறோம், அது எங்களுக்கே தெரியாது. கடலிலிருந்து தள்ளிய வயல் கிராமங்களில் பனை அரிது. அங்கே புளியும் மருதும் வேம்பும்தான். அந்தப் படங்கள் வந்தபோது பச்சையைப் பார்த்தோம், காடு என்று குத்தினோம், அடுத்ததற்குப் போனோம். வரம்பு எப்படி இருக்கும் என்று கடற்கரைப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? அல்போன்ஸ் அதைத்தான் சொன்னான், வேண்டுமென்றா செய்தோம் என்று. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் நாகம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது கிடைத்துவிட்டது. காடு எப்படி இருக்கும் என்று இயந்திரத்துக்குச் சொன்னது நான். எனக்கு வெட்கமாக இருந்தது. முகில் நிழலுக்குப் பிறகு அப்படி ஒரு வெட்கம் பட்டதில்லை, அதைவிடப் பெரிய வெட்கம் இது, ஏனென்றால் இந்த முறை என் பிழைக்குப் பஸ் ஏறி அலைந்தது நான் அல்ல, நாகம்மா.

திட்டத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். பிழை இயந்திரத்தில் இல்லை, பாடம் படிப்பித்த எங்களில் இருக்கிறது, வயல் பகுதிப் பட்டியலை நிறுத்தவேண்டும், இனி ஒவ்வொரு பதிலோடும் சிவப்புப் படம் ஃபைலில் இருக்கவேண்டும் என்று எழுதிச் சிவப்புப் படங்களையும் இணைத்தேன். ஓய்வுபெறப் போகிற நேரத்தில் இது தேவையா என்று அல்போன்ஸ் கேட்டான். தலைவர் கோபப்பட்டார், பிறகு படங்களைப் பார்த்தார், பிறகு இன்னும் கோபப்பட்டார். கடைசியில் மூன்று கிழமை தந்தார். மூன்று கிழமைக்குள் இயந்திரத்துக்குத் திரும்பப் படிப்பித்துக் காட்டினால், எல்லை போடுகிற அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். இல்லாவிட்டால் பழைய பட்டியல் அப்படியே போகும்.

இந்த முறை படிப்பிக்க நாகம்மாவைக் கூப்பிட்டேன். ரமணன் ஒரு நிபந்தனை போட்டார். பாலைக்கட்டுக்குளத்துப் படத்தை அவருக்குக் காட்டவும் கூடாது, பாடத்தில் சேர்க்கவும் கூடாது. சேர்த்தால் இயந்திரம் அந்தக் காணியைப் பாடமாக்கிவிடும், பிறகு அது சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை. சரியான பேச்சு. அவருடைய காணி சோதனைக்கு மட்டும்.

முதல் நாள் நாகம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. தன் உலகத்தை மேலிருந்து பார்த்ததில்லை, திரையில் பச்சைப் புழுதி என்றார். நான் நிழல் விழும் பக்கத்தை மாற்றி வைத்துக் காட்டினேன். அரை மணித்தியாலம் போனது. திடீரென்று விரலைத் திரையில் வைத்தார், இது குளக்கட்டு என்று. வைத்த விரலை எடுக்கவேயில்லை, அப்படியே கீழே இழுத்துக்கொண்டு போனார். "குளம் இருந்தா வயல் கட்டுக்குக் கீழதான் இருக்கும். தண்ணி மேல ஏறுமோ மிஸ்? இதில வாய்க்கால் போகுது. இந்தா, இது வரம்பு. பற்றை மூடினாலும் நேராக் கிடக்குது பாருங்கோ, காடு நேரா வளராது." நான் பக்கத்தில் கடதாசியும் பேனையுமாக இருந்து அவர் சொல்லும் காரணங்களை எழுதினேன். எழுதி எழுதிக் கை நோகும்போது மனம் துள்ளியது. வான்படம் வாசிப்பதில் நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், வரம்பைப் பற்றி முதல்முதலாக அன்றைக்குத்தான் படித்தேன். பதினாறு நாள் தொடர்ந்து வந்தார். வேறு ஊர்ப் படங்கள்தான் எல்லாம். சிலதைப் பார்த்து, இது நல்ல காடு, இதில் ஆரும் இருந்ததில்லை என்று அவரே தள்ளிவிட்டார்.

படிப்பித்து முடிந்த அன்று ரமணன் பாலைக்கட்டுக்குளத்துப் படத்தைப் போட்டார். நாகம்மாவை வெளியே இருக்கச் சொல்லியிருந்தோம். பழைய ஊர்க்காணி என்று வந்தது. எனக்கு அது போதாது. சிவப்பைக் காட்டுங்கோ என்றேன். காட்டினார். பச்சைக்கு நடுவில் மெல்லிய சிவப்புக் கோடுகள், ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, குளக்கட்டுக்குக் கீழே. வரம்பு! எங்கள் கண்ணுக்கு அங்கே மரத்தலை மட்டும்தான் தெரிந்தது. ஆனால் படத்தின் கிழக்கு மூலையில் வேறொன்றும் இருந்தது. வட்டமாக, மற்ற எல்லாவற்றையும்விடக் கடும் சிவப்பாக ஒரு பொட்டு. அது என்னவென்று ரமணனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒருவரும் அதற்கு அப்படி ஒன்றைக் குறித்துப் படிப்பித்ததும் இல்லை. ஷெல் விழுந்த குழியாக இருக்கும் என்றான் அல்போன்ஸ். அப்படியானால் வினை. குழியைக் கண்டு ஊர் என்கிறதா, இது இன்னொரு பனையா என்று அதிகாரி கேட்பார். அந்தப் பொட்டை அழித்துவிட்டு அனுப்பலாம் என்று ஒரு யோசனையும் எழுந்தது. வேண்டாம், உள்ளது உள்ளபடி போகட்டும் என்றேன். சொல்லிவிட்டுப் பயந்துகொண்டிருந்தேன்.

பிழையில்லாமல் அதே கேள்விதான் வந்தது. அதிகாரி வவுனியாவிலிருந்து வந்தவர், நிதானமானவர், அச்சடித்த சிவப்புப் படத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். கண்ணிவெடி அகற்றியாயிற்று என்ற பலகைக்கு அப்பால் ஜீப் போகவில்லை, இறங்கி நடந்தோம். நாகம்மா முன்னுக்குக் கத்தியால் முள்ளை வெட்டிக்கொண்டு போனார். வரம்பு என்று நாங்கள் சொன்ன இடத்தில் அதிகாரி காலால் தட்டிப் பார்த்தார். இந்த மாதிரி மேடு காட்டிலும் இருக்கும் என்றார். பிறகு படத்தை விரித்து அந்த வட்டத்தில் விரலை வைத்தார். இயந்திரம் இதைத்தான் பெரிய காரணமாகச் சொல்கிறது, இது என்னவென்று தெரியாமல் நான் எப்படிக் கையெழுத்து வைப்பது என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. தெரியாது ஐயா என்றேன்.

நாகம்மா அந்தப் படத்தை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறார். கையில் வாங்கி, நான் பழக்கியபடி நிழல் பக்கத்தைத் தன்னை நோக்கித் திருப்பினார். குளக்கட்டைத் தேடினார். வட்டத்தைப் பார்த்தார். பிறகு படத்தை என்னிடம் தந்துவிட்டுப் பற்றைக்குள் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். முள் கிழித்தது. ஒரு நூறு அடி போனதும் மரம் நின்றுவிட்டது. அங்கே வெறும் புல், வட்டமாக, நடுவில் ஒரு செடிகூட இல்லை. நிலம் சீமெந்து மாதிரி இறுகிக் கிடந்தது.

"களம் ஐயா. சூடு மிதிக்கிற களம். என்ர மாமனார் காலத்தில இருந்து மாடு சுத்தின இடம், இதில மரம் எப்பிடி வேர் விடும்?"

வெட்டி அடுக்கிய நெற்கதிரைச் சூடு என்பார்கள், அதை மாடு கட்டி மிதிப்பிக்கிற களம் எல்லா வயல் ஊரிலும் இருக்கும். அவர் பார்த்துக் குறித்துத் தந்த ஊர்ப் படங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மூலையில் இப்படி ஒரு வட்டம் இருந்திருக்கிறது. ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் இயந்திரம் அதைத் தானே கண்டுபிடித்திருக்கிறது. ரமணன் என் கையைப் பிடித்து உலுக்கினார். எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது, வயதை நினைத்து நின்றேன். ஆனால் அதிகாரி அசையவில்லை. புல்வெளி எந்தக் காட்டிலும் உண்டு அம்மா என்றார். குரலில் கொடுமை இல்லை, அவர் தன் வேலையைச் செய்தார்.

நாகம்மா அவரைப் பார்த்தார், வட்டத்தின் நடுவுக்குப் போனார், காலால் அளந்து ஓர் இடத்தில் குந்தினார். நிலத்தைக் குத்த ஓர் அலவாங்கு தரச் சொல்லிக் கேட்டார். ஜீப்பிலிருந்து எடுத்துவந்து கொடுத்தோம். மண் இளகவில்லை. ரமணனும் குனிந்து குத்தினார். முழங்கை ஆழம் போனபோது சத்தம் மாறியது. நாகம்மா அலவாங்கைத் தள்ளிவிட்டுக் கையால் கிண்டினார். முதலில் துருப்பிடித்த இரும்புத் துண்டொன்று வந்தது. அதற்குக் கீழே, மண் அடைத்துப்போய், ஒரு சங்கு.

அவர்கள் குடும்பத்தில் களம் போடும்போது நடுவில் சங்கும் இரும்பும் வைத்துப் புதைப்பது வழக்கம் என்று பிறகு சொன்னார். அப்போது அதைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. நான் அதை வாங்கி முந்தானையால் துடைத்தேன். கடற்கரையில் வளர்ந்தவளுக்கு அதைப் பார்க்கத் துண்டு எழுதத் தேவையில்லை. எங்கள் கடல் சங்கு. கடல் அங்கிருந்து எத்தனையோ மைல் கட்டைக்கு அப்பால். அதை அதிகாரியின் கையில் வைத்தேன். "காட்டில சங்கு விளையாது ஐயா" என்றேன். கண்ணீர் வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன்.

அதிகாரி சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையடக்கப் பையொன்றை எடுத்து, இதை ஃபைலோடு வைக்கவேண்டும், கொண்டுபோகட்டுமா என்று நாகம்மாவைக் கேட்டார்.

"கொண்டுபோகேலாது ஐயா. வேணுமெண்டா படம் எடுங்கோ. அது இங்கதான் கிடக்கவேணும். காலபோகம் வெட்டினாப் பிறகு நான் சூட்டை எங்க வைக்கிறது?"

அவர் படம் எடுத்தார். ஜீப்புக்குத் திரும்பிப் போய், பட்டியலை அதன் மூக்கில் விரித்து, காடு என்ற சொல்லை வெட்டிக் கையெழுத்து வைத்தார். நான் ஓடிப்போய் அதைப் பார்த்துவிட்டு நாகம்மாவிடம் சொல்லத் திரும்பி வந்தேன். அவர் எழும்பவில்லை. சங்கை அதன் இடத்தில் வைத்து, இரும்பை மேலே வைத்து, கையால் மண்ணை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். மூடி முடிந்ததும் எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அதன்மேல் ஏறி நின்று இரண்டு காலாலும் மிதித்தார்.